சிமெண்டுப் புற்று

"அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா" என்று நேற்றுச் சாயங்காலம் பார்க் பெஞ்சில் உங்களில் ஒருவர் பெருமூச்சு விட்டீர்கள். மற்ற எல்லோரும் தலையை ஆட்டினீர்கள். நானும் ஆட்டினேன். வெட்கக்கேடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு சும்மா வரவில்லை. என் மாடி வீட்டில் குடியிருக்கிற பெண், மூக்கண்டப்பள்ளிப் பக்கம் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவள், பெஞ்சுவரைக்கும் வந்து என்னிடம் ஒரு குறை சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும்தான், இந்தக் காலத்துக் குடித்தனக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் புகார், நாமெல்லாம் அந்தக் காலத்தில் இருந்த வீட்டிலேயே மகராசர்களாக இருந்தோம் என்று ஆரம்பித்தீர்கள். அவள் என்ன குறை சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என் பக்கம் பேசுவீர்கள். எனக்கு அது வேண்டாம்.

மகராசர்களாம். உங்களுக்குத்தான் மறதி, எனக்கு இல்லை.

ஓசூர்க் கடைவீதிக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. வரிசையாக ஐந்து குடித்தனம். எங்களுடையது மூன்றாவது. முழங்கால் உயரத்துக்குக் கல், அதற்கு மேல் மண் சுவர், தலைக்கு மேல் நாட்டு ஓடு. ஒரே அறை, பின்னால் சரிந்து நிற்கிற தாழ்வாரத்தில் அடுப்பு. அறையின் நடுவில் முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு ஒரு விட்டம் போகும். கூரைப் பாரம் முழுக்க அந்த ஒற்றை மரத்தின் மேல்தான். அதற்கு அடியில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படுத்தோம், நான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தேன். மழை வந்தால் பித்தளைச் சொம்பு ஓர் இடத்தில், அலுமினியத் தட்டு ஓர் இடத்தில், கொட்டாங்குச்சி ஓர் இடத்தில். எந்தப் பாத்திரம் எந்த ஒழுக்கலுக்கு என்று அம்மாவைக் கேட்காமலே எனக்குத் தெரியும். இந்த அழகைத்தான் நீங்கள் பெருமூச்சு விட்டுப் பாராட்டுகிறீர்கள்.

வீட்டுக்காரர் எங்களுக்குப் பின்னால் கருங்கல் வீட்டில் இருந்தார். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் ஓடும். சாக்கடை என்று ஒன்று வெட்டவில்லை. எங்கள் சுவரே கரை. அவர் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால், சனிக்கிழமை எங்கள் சுவரில் சீயக்காய் வாசனை வரும். மார்கழிக் குளிரில் அந்தச் சுவரில் முதுகு பட்டால் ஈரத் துணியைப் போர்த்தியது மாதிரி இருக்கும்.

மாதம் ஒருமுறை அவர் எங்கள் வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார், சரிகைத் துண்டில் அழுக்குப் பட்டுவிடும். அம்மா தலைவாசலில் நின்று கேட்பாள்.

"ஐயா, அந்தத் தண்ணிய மட்டும் வேற பக்கம் திருப்பி வுடுங்க. செவுரு ஊறிப் போவுது."

"பாக்கலாம்மா, பாக்கலாம்" என்பார். ஒவ்வொரு 'பாக்கலாம்' சொல்லும்போதும் காது மடலை ஒருமுறை தடவிக்கொள்வார். அவர் வாழ்நாளில் எதையும் பார்த்ததில்லை.

அப்பாவை இதில் சேர்க்கவே எனக்கு நாக்குக் கூசுகிறது. அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் நடுவில் எந்த இடத்திலும் பஸ்ஸை நிறுத்தி ஏறுவார். அஞ்செட்டிக் காட்டிலிருந்து புளி மூட்டையோடு வரும் கிழவியிடம் டிக்கெட் இல்லையென்றால், நடு ரோட்டில் இறக்கிவிட்டு, ரூல் ரூல்தான் என்பார். அந்த மனுஷன் வீட்டுக்காரரைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். காக்கிச் சட்டைக்குள் இருந்தது வெறும் காற்று என்று ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பெரிய சூரர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. அம்மா மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மழை விட்ட வாரத்தில் கதவு நிலைக்காலில் பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு மண் கோடு ஏறியிருந்தது. அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் சுரண்டிவிட்டாள். மறுநாள் இரண்டு கோடு. என் சிலேட்டின் மரச் சட்டத்தை ஒரே ராத்திரியில் தின்றுவிட்டு வெறும் கல்லை மட்டும் எனக்கு விட்டுவைத்தன கரையான்கள். அப்பாவின் கம்பெனி ரூல் புத்தகத்தையும் அட்டையை விட்டு உள்ளே முழுக்கத் தின்றிருந்தன. அந்த ரூல்களுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

பின்சுவர் மூலையில், சீயக்காய்த் தண்ணீர் ஊறுகிற இடத்தில், தரை உப்பியது. நாலு நாளில் சாண் உயரத்துக்குச் செம்மண் கூம்பு. அம்மா சாம்பல் அள்ளுகிற தகரத்தால் அதைக் கொத்தி, முறத்தில் வாரிக் குப்பையில் கொட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்ததை எனக்குக் காட்டினாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். ஒரு வாரம் கழித்து முழ உயரத்துக்கு வந்து நின்றது. அதையும் அவள் இடித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாம் வீட்டம்மா உறைமோருக்கு வந்தாள். கன்னடத்துக்காரி, பக்தி கொஞ்சம் தூக்கல். வந்தவள் கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

"அய்யோ, என்னா பண்ற நீ. ஹுத்தா அது. நாகம்மா குடியிருக்கிற புத்து. வாயும் வயிறுமா இருக்கிறவ இடிக்கலாமா."

"புத்துமில்ல பொடலங்காயுமில்ல. கரையான்" என்றாள் அம்மா. "செவுரு நனஞ்சா கரையான் வரும். ஒங்க வூட்டுச் செவுத்தயும் தட்டிப் பாரு."

தட்டிப் பார்ப்பதாவது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. ஒன்றரை வருஷமாக வாசல் தாண்டாத வீட்டுக்காரர், கால் கழுவி, செருப்பைத் தெருவிலேயே விட்டு, எங்கள் வீட்டுக்குள் வந்தார். மிச்சமிருந்த மண் மேட்டுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது சரிகைத் துண்டில் சேறு. தட்டிக்கூட விடவில்லை.

"அம்மோரு வந்திருக்குது" என்றார் அப்பாவிடம். "எத்தினி வூடு இருக்குது ஊருல, ஒங்க வூடு தேடி வந்திருக்குது. நீங்க குடுத்து வச்சவங்க."

அப்பா அழுதுவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அழுதார்.

"ஐயா, அப்ப அந்தத் தண்ணி…" என்று அம்மா ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இனிமே இங்க கடப்பாரை படக்கூடாதும்மா. ஆணி அடிக்கக்கூடாது, மம்மட்டி போடக்கூடாது. அம்மோரு எழுந்து போயிட்டா குடும்பத்துக்கு ஆவாது."

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை. அதுவரை ரிப்பேர் செய்யாமல் இருந்தது சோம்பேறித்தனம். அன்றைக்கு முதல் அது பக்தி.

செவ்வாய், வெள்ளிகளில் கூட்டம் வர ஆரம்பித்தது. பாகலூரிலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு சொம்புப் பால், ஒரு முட்டை, மஞ்சள் தண்ணீர். எல்லாவற்றையும் மூலையில் ஊற்றினார்கள். ஏற்கெனவே ஊறிக் கிடந்த சுவருக்கு இந்த அபிஷேகம் வேறு. கரையானுக்குக் கல்யாணச் சாப்பாடு. மண் கூம்பு என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. வளர வளர, அம்மோரு மனம் குளிர்ந்துவிட்டாள் என்றார்கள். அறை முழுக்கப் புளித்த பாலும் அழுகிய வாழைப்பழமும் நாறும். அம்மாவுக்கு மசக்கை. வாசலில் போய்க் குந்தி வாந்தி எடுத்துவிட்டு வருவாள். பக்தர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள், அவ்வளவுதான்.

கூரையிலிருந்து அம்மோரு தலையில் மழைத் தண்ணீர் சொட்டியது. ஒன்றரை வருஷமாக எங்கள் தலையில் சொட்டியதைப் பார்க்காத வீட்டுக்காரருக்கு இது பொறுக்கவில்லை. பலாமரத்தில் நாலு கால் இழைத்து வந்து நட்டார். அதற்கு மேல் சின்னதாகச் சட்டம், அதற்கு மேல் சீமை ஓடு, செக்கச்செவேலென்று புதுசு. ஒழுகும் வீட்டுக்குள்ளே ஒழுகாத ஒரு குட்டி வீடு. அந்த லைனில் அவர் ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரே மராமத்து அதுதான். செய்தது கரையானுக்கு.

கடைசி வீட்டில் ஒரு பாய் இருந்தார். வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர். அவர் மனைவி எங்கள் அம்மாவுக்கு நெருக்கம். புதன்கிழமை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மா அவரைக் கூப்பிட்டு விட்டத்தைக் காட்டினாள். அவர் முக்காலி போட்டு ஏறி, கொட்டாப்புளியால் முன்சுவர் முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். முதலில் ணங் ணங்கென்று கேட்டது. நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறியது. பின்சுவரைத் தொடும் இடத்தில் பொத் பொத்தென்று, பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, மேலுக்குத்தான் மரம். உள்ள மண்ணு. செவுத்து முனை போயிடுச்சு. ரெண்டு நாளு வேலை, முட்டுக் குடுத்து மாத்திடலாம். மாத்த வுடலன்னா நீங்க வேற வூடு பாருங்க. இதுக்குக் கீழ பெத்துக்காத."

அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "துலுக்கனுக்குப் புத்தப் பத்தி என்னா தெரியும்" என்றார். பாய் பேசியது புற்றைப் பற்றி அல்ல, மரத்தைப் பற்றி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

ஆனால் அம்மா விடாக்கண்டி. தைப் பொங்கலுக்குள் பாயின் சம்சாரம் மூலமாக ஒரு வீடு பார்த்துவிட்டாள். சின்னது, கூரை தாழ்வு, ஆனால் சுவர் உலர்ந்திருந்தது. அம்மாவே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பாவைச் சோறு போடாமல் இரண்டு நாள் வதைத்தாள். மூன்றாம் நாள் அவர், "சரி, தை முடியறதுக்குள்ள மாறிக்கலாம், ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். அவரைக்கொட்டைக் குழம்பும் களியும் செய்தாள். குழம்பு வாசனை புளித்த பாலின் நாற்றத்தை அமுக்கிக்கொண்டு வந்தது இன்னும் மூக்கில் இருக்கிறது.

இனி என் கதை. இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் திட்டினேன், இப்போது என்னைத் திட்டிக்கொள்ளும் முறை.

அதுவரை பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஒழுகல். என் பாவாடை எப்போதும் ஈர நெடி அடிக்கும், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அம்மோரு வந்த பிறகு நான் அம்மோரு வீட்டுப் பெண். குங்குமம் கொடுப்பது என் வேலை. முன்னே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் சிலேட்டுக் குச்சி கொண்டுவந்து நீட்டினார்கள். வாத்தியார் வீட்டம்மாகூட என்னிடம் குனிந்து குங்குமம் வாங்கினாள். வீடு மாறினால் இதெல்லாம் போய்விடும். மறுபடி நான் ஒழுகல்.

மறுநாள் காலையில் அப்பா புற்றின் முன் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். போகிறோம், கோபித்துக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டிருப்பார். முந்தின நாள் வைத்த கிண்ணத்தில் பால் காலி. நான் பக்கத்தில் போய், "அப்பா, நான் பாத்தேன்" என்றேன்.

"என்னாத்த?"

"பாம்பு. வெடியகாலம் வந்து பால் குடிச்சுது. படம் எடுத்துது. என்னயப் பாத்துட்டு உள்ள போயிடுச்சு."

பாலைக் குடித்தது நாலாம் வீட்டுப் பூனை. தினமும் அதுதான் குடிக்கும். ஓட்டுச் சந்து வழியாக இறங்கி, குடித்துவிட்டு, மீசையை நக்கிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போகும்.

அப்பா ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. பஸ்ஸில் அரை டிக்கெட் குழந்தைக்கு வயது கேட்டு வாயைத் திறந்து பல்லை எண்ணுகிற மனுஷன், நான் சொன்னதைச் சோதிக்கவேயில்லை. சட்டை போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்காரரிடம் ஓடினார். அரை மணியில் ஊரே வாசலில் நின்றது. படம் எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். எல்லாவற்றையும் தின்றேன்.

கூட்டத்துக்குப் பின்னால், தாழ்வாரத்து வாசலில், அம்மா நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு மாற்றம் அன்றோடு போயிற்று. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சாமி கண்ணில் பட்டுவிட்டது, ஆனால் இடித்தவள் மேல் தோஷம் இருக்கிறது, பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். பரிகாரம், ஒன்பது வெள்ளிக்கிழமை புற்றைச் சுற்றி வந்து, எதிரில் உட்கார்ந்து ஒரு நாழிகை கண்ணை மூடி மன்னிப்புக் கேட்க வேண்டும். எதிரில் என்றால், விட்டத்துக்கு நேர் கீழே.

"நான் உக்கார மாட்டேன்" என்றாள் அம்மா. "பாயண்ணன் தட்டிக் காட்டினாருங்க. நீங்க ஒருவாட்டி தட்டிப் பாருங்க. கையால தட்டுனாலே தெரியும்."

"பெத்த பொண்ணு கண்ணால பாத்திருக்குது. நீ மரத்தத் தட்டிக்கிட்டு இரு" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் சொல்லியிருக்கலாம். பூனை என்று இரண்டெழுத்தில் ஒரு சின்ன வார்த்தை. கையில் வாழைப்பழத் தோலை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள். முதல் வெள்ளி, இரண்டாம் வெள்ளி. ஒவ்வொரு தடவையும் உட்காருவதற்கு முன்னால் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொள்வாள். கண்ணை மூடு என்பார்கள், மூடமாட்டாள். பக்தி இல்லாதவள் என்று முணுமுணுப்பார்கள். விட்டத்திலிருந்து மாவு மாதிரி மண் தூள் அவள் தலையில் உதிரும். விபூதி கொட்டுகிறது என்று இரண்டாம் வீட்டம்மா அதை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள். என்னத்தைச் சொல்ல.

ஏழாவது வெள்ளி. அம்மாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. நல்ல உச்சி நேரம், அறையில் பத்துப் பதினைந்து பேர். நான் வாசலில் குங்குமத் தட்டோடு நிற்கிறேன். முதலில் பின்சுவரில் ஏதோ நெரிந்த சத்தம். அம்மா மட்டும்தான் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவள் மட்டும்தான் நகர்ந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உருண்டாள். மற்றவர்கள் சுவரோரம் நின்றதால் தப்பினார்கள். விட்டம் பின்சுவரிலிருந்து கழன்று, ஓடும் மண்ணுமாக, அவள் வலது காலின் மேல் இறங்கியது.

புழுதி அடங்கியதும் நான் முதலில் பார்த்தது அம்மாவை அல்ல. புற்றைத்தான். சீமை ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒரு கீறல் இல்லாமல் நின்றது. யாரோ ஒரு பெண் அதைப் பார்த்து, "அம்மோரு மேல ஒரு ஓடுகூட வுழல பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா அங்கே கத்திக்கொண்டிருக்கிறாள். பக்தர்கள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

பாய் ஓடி வந்தார். உள்ளே வரக்கூடாது என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார். அந்தக் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். மரத்தைத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. நெம்ப ஒரு உருப்படியான கட்டை வேண்டும். அந்த வீட்டில் உருப்படியாக இருந்தது அம்மோருவின் நாலு கால்தான். ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். பலாமரம், கல்லு மாதிரி. அது வந்த வேகத்தில் குட்டிக் கூரை சரிந்து புற்றின் மேல் விழுந்தது, புற்று பிளந்து இரண்டானது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டையை விட்டத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். அவர் மனைவி அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள்.

பிளந்த புற்று எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. பொந்தும் இல்லை, பாம்பும் இல்லை. ஈர மண், அதற்குள் புளித்த பால் கட்டி, வெள்ளையாக நெளியும் கரையான். அவ்வளவுதான். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துலுக்கன் கை பட்டதும் அம்மோரு மறைந்துவிட்டாள் என்று வீட்டுக்காரர் சொன்னதும், அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

அம்மாவைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் கம்பெனி பஸ்ஸிலேயே கொண்டுபோனோம். கடைசி சீட்டில் படுக்க வைத்து, காலைத் தென்னை மட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார் பாய். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு யாரிடமும் அவர் டிக்கெட் கேட்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்போது அம்மா கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் புழுதி, உதடு காய்ந்திருந்தது.

"பாம்பு எங்கடி?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை, அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தாள், ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தம்பி அந்த ஆஸ்பத்திரியிலேயே குறை மாதத்தில் பிறந்தான். பிழைத்தான். அப்பா அவனுக்கு நாகத்தின் பெயர் வைக்கலாம் என்று வெட்கமில்லாமல் கேட்டார். "கரையான்னு வைங்க, பொருத்தமா இருக்கும்" என்றாள் அம்மா. காலில் எலும்பு கோணலாகக் கூடியது. கட்டை இல்லாமல் அவளால் நடக்க முடியவில்லை.

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் பாய் குடும்பம் காலி செய்திருந்தது. புற்றை இடித்த ஆள் லைனில் இருக்கக்கூடாது என்று ஒரு வாரத் தவணை கொடுத்தாராம் வீட்டுக்காரர். ஊரில் ஒருவர் கேட்கவில்லை. அதில் பாம்பு இருந்ததே இல்லை, நான் சொன்னது பொய் என்று சொல்ல ஒரே ஒரு ஆளால் முடிந்திருக்கும். திரும்பி வந்த பிறகும் அந்த ஆள் வாயில் கொழுக்கட்டை. கிருஷ்ணகிரிப் பக்கம் போனார்கள் என்றார்கள். போவதற்கு முன்னால் பாயின் சம்சாரம் நாங்கள் மாறிப் போன, அம்மா முன்பே பார்த்துவைத்திருந்த அந்தச் சின்ன வீட்டில் அவளுக்காக ஒரு கட்டை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கக்கத்தில் கொடுத்து நடக்கிற மாதிரி இழைத்தது. பிடுங்கின அந்தப் பலாமரக் காலில் செய்தது. "அந்த வூட்டுல இது ஒண்ணுதான் நல்ல மரம், தங்கச்சிகிட்டச் சொல்லு" என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா அதில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் வீடு இப்போது கோயில். கோபுரம், கிரானைட் தரை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. மூலையில் புற்றும் இருக்கிறது. சிமெண்டில் கட்டி மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கரையான் ஏறாது. குடித்தனக்காரி காலை வாங்கிய பிறகு சாமிக்கு மட்டும் எவ்வளவு பத்திரமான வீடு பாருங்கள்.

சரி, நேற்றைய கதை. என் மாடி வீட்டுப் பெண் சொன்னது இதுதான்.

"பாட்டி, பாத்ரூம் செவுரு ஓதம் ஏறிடுச்சு. ஈரக் கையோட தொட்டா ஷாக் அடிக்குது. கொழந்தையக் குளிப்பாட்டவே பயமா இருக்குது."

நான் என்ன சொன்னேன் என்று உங்களில் இரண்டு பேர் காதில் விழுந்திருக்கும். "பாக்கலாம்மா" என்றேன். அதோடு விட்டேனா. "பாத்ரூம் செவுத்துக்கு நேர் கீழ நம்ம பூஜை ரூம் இருக்குது. ஆடி மாசத்துல செவுத்த ஒடைக்கக்கூடாது. ஆடி போகட்டும்" என்றேன். சொல்லும்போது கை தானாகக் காது மடலுக்குப் போயிற்று. அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் இதற்கு முன் ஒருத்தியிடம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள், நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் கட்டையை எடுத்தேன். எழுபது வருஷம் ஆகப்போகிறது, ஒரு பொத்தல் இல்லை. அதை ஊன்றிக்கொண்டு இப்போது மாடிக்கு ஏறப்போகிறேன். மெயினை அணைத்துவிட்டு அந்தச் சுவரை நானே தட்டிப் பார்க்கப்போகிறேன். உங்களில் யாருக்காவது நல்ல கரண்ட்காரனைத் தெரிந்தால், ஆடியானாலும் பரவாயில்லை, இன்றைக்கே அனுப்புங்கள். பாக்கலாம் என்று மட்டும் எவரும் சொல்லிவிடாதீர்கள்.